படிவத்தில் ஒரு ‘இல்லை’

விமானிகளின் மருத்துவப் பரிசோதனை பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். “நம்ம ஊருக்கு பஸ்ஸு நேரத்துக்கு வந்தாலே பெரிய விஷயம், உங்களுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?” என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது ஓமலூர் தாண்டிக் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். அதுவும் மூடுவதும் திறப்பதுமாகவே இருந்து, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானங்கள் வர ஆரம்பித்தன.

ஆனால் காலம் மாறிவிட்டது. நான் ஆசிரியராக இருந்தபோது “பெரியவனாகி என்ன ஆவாய்?” என்று கேட்டால் டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று மூன்றே பதில்தான் வரும். இப்போது காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பைலட் என்கிறார்கள். அப்பா தக்காளி மண்டியில் இருப்பார், பையன் விமானம் ஓட்டுவது எப்படி என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருப்பான். அரைக் கோடிக்கு மேல் செலவாகும் படிப்பு என்று தெரிந்தும் நிலத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் போன் வந்தது. அழைத்தவன் என்னிடம் படித்தவன். பெயரும் ஊரும் வேண்டாம். மகன் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் எடுத்துத் தேறிவிட்டான். பைலட் பயிற்சியில் சேரும் முன் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வியில் நிற்கிறார்கள்.

“சார், எப்பவாவது வலிப்பு வந்திருக்கான்னு கேக்கறாங்க சார். சின்ன வயசுல ஒரு தடவ வந்துச்சு. சேர்த்துவிடற ஆளு, இல்லைன்னு போட்டுட்டுப் போங்க, யாருக்குத் தெரியப்போவுதுன்னு சொல்றாரு. நீங்க என்ன சார் சொல்றீங்க?”

உடனே பதில் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. “ரெண்டு நாள் குடுப்பா” என்றேன். அந்த இரண்டு நாளில் படித்ததும், அதற்குப் பிறகு யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் சேர இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முதல் வகுப்புச் சான்றிதழ். இதையெல்லாம் பார்ப்பது டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். முதல் வகுப்புப் பரிசோதனை நடக்கும் இடங்களில் ஒன்று பெங்களூரில் விமானப்படை நடத்தும் விண்வெளி மருத்துவ நிறுவனம். ககன்யானில் போகத் தேர்வான வீரர்களையும் அங்கேதான் பரிசோதித்தார்கள். அவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது.

முதல் வகுப்புச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதம். 65 வயதுக்கு மேல் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது. கண், காது, ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் பார்ப்பார்கள். இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்களே, இதில் எதை மறைக்க முடியும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

மறைக்க முடியும். கருவி சொல்வது இன்றைய உடம்பை மட்டும். போன வருடம் இரண்டு முறை மயங்கி விழுந்தது இன்றைய இ.சி.ஜி.யில் இருக்காது. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லாமல் படுக்கையில் விழித்துக் கிடப்பது சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு, பரிசோதனைக்கு முன் நிறுத்திவிட்டு வந்தவரை மருத்துவர் பார்த்தால் நல்ல வாட்டசாட்டமான ஆளாகத்தான் தெரிவார். இவையெல்லாம் படிவத்தில் அவரே எழுதினால்தான் உண்டு. அவ்வளவு பெரிய இயந்திரம், அவ்வளவு பெரிய துறை, கடைசியில் ஒரு மனிதன் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதுவதை நம்பித்தான் நடக்கிறது.

அது எங்கே போய் முடியும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2015 மார்ச் 24. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவிலிருந்து ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகருக்குக் கிளம்பியது ஜெர்மன்விங்ஸ் நிறுவனத்தின் விமானம். வழியில் கேப்டன் கழிப்பறைக்குப் போக வெளியே வந்தார். உள்ளே இருந்த துணை விமானி ஆண்ட்ரியாஸ் லூபிட்ஸ் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, விமானத்தைக் கீழே இறங்க வைத்தார். கேப்டன் கதவைத் தட்டினார், இடித்தார். திறக்கவில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேரும் இறந்தார்கள்.

அதில் ஹால்டர்ன் என்ற சிறிய ஊரின் பள்ளிக்கூடத்திலிருந்து போன 16 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் இருந்தார்கள். ஸ்பெயின் நாட்டுப் பள்ளி ஒன்றில் ஒரு வாரம் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன ஆசிரியர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒகேனக்கல்லுக்கு 40 பிள்ளைகளைக் கூட்டிப்போய், பரிசலில் ஏற்றி, திரும்பி வந்து பஸ்ஸில் தலையை எண்ணி முடிக்கும்வரை வயிற்றில் ஒரு கலக்கம் இருக்குமே, அது நமக்குத் தெரியும். அந்த இரண்டு ஆசிரியைகளும் விமானத்தில் தலையை எண்ணி முடித்து, அப்பாடா என்று உட்கார்ந்திருப்பார்கள்.

விசாரணையில் வந்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். லூபிட்ஸுக்குப் பயிற்சிக் காலத்திலேயே, 2008-09இல், கடுமையான மனச்சோர்வு வந்திருக்கிறது. அப்போது பயிற்சியை நிறுத்தி, சிகிச்சை எடுத்து, பிறகு சிறப்புக் குறிப்போடு சான்றிதழ் வாங்கித் திரும்பியிருக்கிறார். 2014 கடைசியில் நோய் மறுபடி தலைகாட்டியது. பல மருத்துவர்களைப் பார்த்தார். சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மருத்துவர் மனநல மருத்துவமனையில் சேரச் சொன்னார். வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் கொடுத்த விடுப்புச் சீட்டு, கிழிக்கப்பட்ட நிலையில் அவர் வீட்டில் கிடைத்தது. விமானம் மோதிய அந்த நாளும் அந்த விடுப்பில் அடங்கும். மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். நிறுவனத்திடம் யாரும் சொல்லவில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற ஜெர்மன் சட்டம் அவ்வளவு கடுமையானது. நிறுவனத்திடம் சொல்லும் பொறுப்பு நோயாளியின் கையிலேயே இருந்தது. அவர் சொல்லவில்லை.

இங்கே நிறுத்தி, பாவி, படுபாவி என்று திட்டிவிட்டுப் போகலாம். நானும் திட்டினேன். ஆனால் பிரெஞ்சு விசாரணை அமைப்பு அதோடு நிற்கவில்லை. அவருக்குப் பயிற்சிக்காக வாங்கிய கடன் சுமார் 41,000 யூரோ இருந்தது. சான்றிதழில் இருந்த சிறப்புக் குறிப்பின் காரணமாக, வேலை போனால் வருமானம் தரும் காப்பீடு எடுப்பது அவருக்குக் கடினம். உண்மையைச் சொன்னால் உரிமம் போகும், உரிமம் போனால் கடன் நிற்கும், ஆசைப்பட்ட தொழிலும் போகும். விமானிகள் தங்கள் நோயைத் தாங்களே வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தால், சொன்ன பிறகு அவர்கள் நடுத்தெருவில் நிற்காமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை எழுதியது. 150 பேரைக் கொன்ற ஒருவனைப் பற்றிய அறிக்கையில் இதை எழுத ஒரு நிதானம் வேண்டும்.

இன்னொரு வகை மறைப்பும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு நம் அரசு அலுவலகங்கள்தான் ஞாபகம் வந்தன. அமெரிக்காவில் 2023இல் ஒரு விஷயம் வெளியே வந்தது. ராணுவத்தில் இருந்து வந்த விமானிகளில் ஏறக்குறைய 4,800 பேர் விசாரணையில் இருந்தார்கள். முன்னாள் படைவீரர் துறையிடம், எனக்கு இன்ன இன்ன உடல்நலக் குறை என்று எழுதி மாதாமாதம் உதவித்தொகை வாங்குகிறார்கள். விமானத் துறையிடம் அதே குறையைச் சொல்லவில்லை. ஒரு படிவத்தில் ஆம், இன்னொரு படிவத்தில் இல்லை. கை ஒன்றுதான். அதற்கும் இருபது வருடம் முன்பு, கலிஃபோர்னியா பக்கம் 40,000 விமானிகளின் விவரத்தை உதவித்தொகைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து 40க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். மருத்துவ விடுப்புக்காக ‘கடும் முதுகுவலி, பூரண ஓய்வு தேவை’ என்று ஒரு சான்றிதழ். வேலையில் மறுபடி சேர ‘முற்றிலும் நலம், பணிபுரியத் தகுதி உடையவர்’ என்று இன்னொன்று. இரண்டும் ஒரே மருத்துவரிடம், ஒரே நாளில், தேதியை மட்டும் மாற்றி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு வேறு விடுப்பு இல்லை என்று வாங்குவார்கள், பாவம். அதனால் யாரும் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் படிவத்தில் எழுதுவது வேறு, நடப்பது வேறு என்ற பழக்கம் அங்கேதான் கைக்கு வந்துவிடுகிறது. பயிற்சியில் சேர்த்துவிடும் அந்த ஆள் “இல்லைன்னு போடுங்க” என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்கு இதுதான் காரணம். அவருக்கு அது பொய்யாகவே தோன்றியிருக்காது.

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்கே போனேன். பையனின் பாட்டிதான் எல்லாம் தெரிந்தவர். “எப்பம்மா வந்துச்சு? என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“மாரியம்மன் பண்டிக சமயம் சார். ரெண்டு வயசு கூட நெறையல. அனலாக் காய்ஞ்சான். கண்ணு மேல சொருகிச்சு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்க போறதுக்குள்ள நின்னுடுச்சு. அதோட சரி, அப்புறம் ஒண்ணும் வரல.”

இதைத்தான் அந்த வீட்டில் பதினாறு வருடமாக ‘வலிப்பு’ என்று சொல்லி வந்திருக்கிறார்கள். காய்ச்சலில் வரும் வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கடும் காய்ச்சலில் இப்படி ஒருமுறை வரும். பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடும். நம் கிராமங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஜன்னி, இழுப்பு, காக்கா வலிப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதனால் இந்த விஷயத்தில் நேர்மை மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது. ‘இல்லை’ என்று எழுதினால் பொய். ஒன்றும் விளக்காமல் ‘ஆம், வலிப்பு’ என்று எழுதினால், அது நடந்ததைவிடப் பெரிதாகப் போய்விடும். நடந்தது என்ன, எந்த வயதில், எத்தனை முறை, காய்ச்சல் இருந்ததா, பிறகு மாத்திரை கொடுத்தார்களா, இதெல்லாம் சேர்ந்ததுதான் உண்மை.

ஆனால் அதற்குச் சீட்டு வேண்டுமே. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகையை 30 வருடம் வைத்திருப்போம், கரண்ட் பில்லை நூலில் கோத்து ஆணியில் மாட்டி வைப்போம், ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் குணமானதும் தூக்கி எறிந்துவிடுவோம். வீட்டில் வைத்தால் நோய் திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள் கூட இருக்கிறார்கள். நல்லவேளை, அந்தப் பாட்டி தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். அதன் பின்பக்கம் மருத்துவர் இரண்டு வரி கிறுக்கியிருந்தார், தேதியோடு. அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போய்க் காட்டி, தலைக்கு இ.இ.ஜி. எடுத்து, அவர் கருத்தை எழுதி வாங்கி, படிவத்தில் ‘ஆம்’ என்று போட்டு எல்லாவற்றையும் இணைக்கச் சொன்னேன். அப்படியே செய்தார்கள். மருத்துவப் பரிசோதகர் இன்னும் சில ஆவணங்கள் கேட்டிருக்கிறார். இதை எழுதும் நாள் வரை முடிவு வரவில்லை. சேர்த்துவிடும் ஆள், “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பையனின் அப்பாவுக்கும் என் மேல் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம். இருக்கட்டும். நிலத்தை இன்னும் அடமானம் வைக்கவில்லை. படித்து முடித்து, அரைக் கோடி கடனும் ஆன பிறகு எங்காவது ஓர் ஆவணத்தில் இது வெளிவந்தால், அப்போது போவது நிலமும்தான்.

(பையனின் பல்லைப் பார்த்தாலே அந்த மருத்துவர் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார் என்று அப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நம் கிணற்றுத் தண்ணீரின் ஃப்ளோரைடு பல்லில் பழுப்பாக எழுதிவிட்டுப் போகிறதே. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளின் பல் பரவாயில்லை.)

உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தால் சொல்வார்கள் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் நெடுங்காலம் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிற யாரும் விமானம் ஓட்டக்கூடாது என்று இருந்தது. விளைவு, சிலர் மறைத்துச் சாப்பிட்டார்கள். சிலர் நோயோடு மாத்திரையே சாப்பிடாமல் ஓட்டினார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்து. 2010இல் விதியை மாற்றினார்கள். குறிப்பிட்ட நான்கு மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிட்டு, ஒரு வருடம் நிலையாக இருந்தால், தனித்தனியாகப் பரிசீலித்து அனுமதி தருவோம் என்றார்கள். அதுவரை மறைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக வந்து சொன்னால் நடவடிக்கை கிடையாது என்றும் அறிவித்தார்கள். நம் ஊரில் சொத்துவரிக்கு வட்டித் தள்ளுபடி அறிவிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

இனி நம் சாலைக்கு வருகிறேன். விமானத்திலாவது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஏதாவது ஆனால் இன்னொருவர் இறக்கிவிடுவார். 2023 ஆகஸ்டில் நாகபுரி விமான நிலையத்தில் இண்டிகோ கேப்டன் ஒருவர், விமானம் ஏறும் வாயிலருகே மயங்கி விழுந்து இறந்தார். 40 வயதுதான். எதையும் மறைக்காத மனிதருக்கும் இப்படி வரலாம். அதற்காகத்தான் இரண்டாவது ஆள். நம் பஸ்ஸில் இரண்டாவது ஆள் கண்டக்டர். அவரால் டிக்கெட்தான் கிழிக்க முடியும். நெஞ்சுவலி வந்ததும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பயணிகளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்ட ஓட்டுநர்களைப் பற்றி நம் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் செய்தியைப் படிக்கும் போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். கூடவே, அவருக்கு முன்பே வலி இருந்திருக்குமோ, சொன்னால் டூட்டி போய்விடும் என்று வாய் திறக்காமல் இருந்திருப்பாரோ என்றும் தோன்றும்.

தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். பெங்களூரிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 அங்கே இறங்குகிறது. 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாக வண்டிகள் மேல் ஏறியது, 2024 ஜனவரியில் லாரிகள் மோதித் தீப்பிடித்தது, இவை நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கே விபத்துக்குப் பேசப்படுவதெல்லாம் வேகம், பாரம், பிரேக், நியூட்ரலில் இறங்குவது. சரிதான். ஆனால் ஒரு விபத்துக்குப் பிறகாவது, ஓட்டுநருக்குச் சர்க்கரை எவ்வளவு, இரவில் கண் எப்படி என்று யாராவது கேட்டதை நான் செய்தியில் படித்ததில்லை. வடக்கே எங்கிருந்தோ நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டு வரும் லாரி ஓட்டுநர், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு அந்த இறக்கத்தில் வந்தால், சர்க்கரை இறங்கித் தலை சுற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அவரை எப்படிச் சொல்ல வைப்பது? அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. தெலங்கானாவில் நிறக்குருடு என்று கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு மாற்று வேலை தரச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது வருடம் கழித்து அல்ல, ஒன்பது நாளில் இது கிடைக்கும் என்று தெரிந்தால் ஓட்டுநர்கள் தாமாகவே கண் டாக்டரிடம் போவார்கள். தனியார் பஸ், லாரி, வேன், ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பிடியும் இல்லை. அவர்களிடம் போய், உண்மையை எழுது, உன் உரிமத்தை ரத்து செய்கிறோம் என்றால் யார் எழுதுவார்? லாரி உரிமையாளர் சங்கங்களும் அரசும் சேர்ந்து இதற்கு ஒரு நிதி வைக்கலாம். காப்பீட்டுத் தவணையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினாலும் போதும். செய்வார்களா என்று கேட்காதீர்கள், கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

விமானி, லாரி ஓட்டுநர் என்று ஊராரைப் பற்றிப் பேசியாயிற்று. இதைப் படிக்கும் நாமும் வண்டி ஓட்டுகிறோம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 55 வயது கடந்தவர்களுக்கு உரிமம் ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். அப்போது இரண்டு தாள் வேண்டும். படிவம் 1ஏ, மருத்துவர் கையெழுத்துப் போடுவது. படிவம் 1, நாமே உறுதிமொழி எழுதித் தருவது. இந்த இரண்டாவதை எத்தனை பேர் வாசித்திருப்பீர்கள்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் கேட்டால், எங்கே கையெழுத்து என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள். கேள்விக்கெல்லாம் அவர்களே டிக் அடித்துவிடுவார்கள். உங்களைப் பார்த்தது கூட இல்லை, உங்களுக்குத் தலைசுற்றல் இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதில் உள்ள கேள்விகள் எளிமையானவை. வலிப்போ, திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிகிறதா? மாலைக்கண் உண்டா? ஹாரன் சத்தம் கேட்கிறதா? கை, காலில் பலக்குறைவு உண்டா? கடைசியாக, நீங்கள் ஓட்டுவதால் பொதுமக்களுக்கு ஆபத்து வரக்கூடிய வேறு நோய் ஏதாவது உண்டா?

அந்தக் கடைசிக் கேள்வி நம் வயதுக்காரர்களுக்கென்றே வைத்தது போல இருக்கிறது. கண்புரை முற்றியும், “பகல்ல நல்லாத்தான் தெரியுது, ராத்திரியில எதிர் லைட்டுதான் கொஞ்சம் பூவாட்டம் விரியுது” என்று சொல்லிக்கொண்டு இரவில் கிருஷ்ணகிரி வரை கார் ஓட்டுகிற நண்பர் எனக்கு உண்டு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், மயங்கி ஒருமுறை விழுந்தவர்கள், தூங்க மாத்திரை போடுகிறவர்கள் எல்லாரும் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள். இதில் பல குறைகள் இருந்தாலே உரிமம் போய்விடாது. கண்ணாடி போட்டு வாசிக்கலாம், காதுக்கருவி வைத்துக் கேட்கலாம், படிவமே அதை ஒப்புக்கொள்கிறது. புரைக்கு அறுவை சிகிச்சை செய்தால் சில வாரத்தில் மறுபடி ஓட்டலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசு கேட்காமல் செய்கிறார்கள்.

பிள்ளைகள் வெளியூரில், கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வண்டி இல்லாமல் எப்படி என்பீர்கள். அது உண்மையான கஷ்டம். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் உள் கிராமத்தில் இருக்கிறவரிடம் பஸ்ஸில் போ என்று சொல்வது சுலபம், அந்த பஸ் நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த உள் கிராமத்துச் சாலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கவில்லை.

உரிமம் முடியப் போகிறவர்கள் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து நிதானமாக 35 எட்டு பின்னால் போங்கள், 25 மீட்டர் வந்துவிடும். திரும்பி நின்று நம்பர் பிளேட்டை வாசியுங்கள். முதலில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பிறகு மற்றதை. உங்கள் சொந்தக் கார் வேண்டாம், அந்த எண் மனப்பாடமாக இருக்கும். பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் நிறுத்திச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு படிவத்தை வாங்கி, டிக் அடிப்பதை நீங்களே அடியுங்கள்.